அடைபட்ட வாய்க்கால்

வானூருக்கு வடகிழக்கே, மரக்காணம் உப்பளங்களில், உவர்நீர் பாத்திக்குப் பாத்தி கடந்து செறிந்த பின்னரே உப்பாய் விளைகின்றது. இடையில் வாய்க்கால் அடைபடின், கடைப்பாத்தியில் எத்துணைப் பாடுபட்டும் பயனில்லை. நம் சங்கங்களும் அத்தகையனவே. ஒருவரே அனைத்தையும் சுமக்க, ஏனையோர் காத்து நிற்பது நோயின் அறிகுறியாகும்.

காலை முதல் மாலை வரை மக்களின் வழக்குகளைத் தனியே தீர்த்து வந்த மோசேயிடம் இக்குறையைக் கண்டவர், வெளியிலிருந்து வந்த மாமனார் இத்திரோ. பொறுப்பைப் பகிர்ந்தளிக்கும்படி அவர் கூறியதை மோசே ஏற்றார் (விடுதலைப் பயணம் 18).

1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியோ, அமெரிக்க உணவகமொன்றின் பணிமுறையிலிருந்தே பாடம் கற்றார். அங்கே ஒருவருக்கு அறுவை நடக்கையிலேயே அடுத்தவர் பக்கத்து மேசையில் ஆயத்தமாகின்றார்.

அன்பர்களே, நம் சங்கத்தில் மக்கள் எவ்விடத்தில் காத்து நிற்கின்றனர் என்பதைக் காட்ட, நாமும் ஓர் இத்திரோவை அழைப்போமாக.