டயரை ‘ஒரு சைஸ் ஏத்தி’ போடலாமா?

‘சார், இதே சைஸையே எதுக்குத் திரும்பப் போடுறீங்க? ஒரு சைஸ் ஏத்திக்கலாம். வண்டி கும்முன்னு நிக்கும், கிரிப்பும் நல்லா இருக்கும்.’ காருக்குப் புது டயர் வாங்கப் போன பலரும் கடையில் கேட்டிருக்கும் வசனம் இது. கூடவே இன்னொன்றும் வரும்: ‘நீங்க கேக்குற பிராண்டு ஸ்டாக் இல்ல. இது அதைவிட நல்லா ஓடும்.’

இந்த இரண்டில், பிராண்டை மாற்றச் சொல்வதற்குத் தாராளமாகத் தலையாட்டலாம். சைஸை மாற்றச் சொன்னால்தான் உஷாராக வேண்டும். ஆனால், நம்மில் பெரும்பாலோர் செய்வது தலைகீழ். எந்த பிராண்டு என்று நண்பர்களிடம் ஒரு வாரம் விசாரிக்கிறோம். சைஸ் விஷயத்தில் ‘சரி, போடுங்க’ என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறோம்.

டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 88ஹெச் என்பதுபோல ஒரு வரி இருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. ‘ஆர்’ என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்பது எடை தாங்கும் திறனுக்கான குறியீடு. ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும் என்று பொருள். ‘ஹெச்’ என்பது வேகத்துக்கானது, மணிக்கு 210 கி.மீ. வரை.

இதை வைத்து ஒரு சின்னக் கணக்கு போடலாம். மாருதி ஸ்விஃப்ட்டின் குறைந்த விலை வேரியன்ட்களில் 165/80 ஆர்14 டயர் வருகிறது. மேல் வேரியன்ட்டில் 185/65 ஆர்15. பார்த்தால் எல்லா எண்ணும் வேறு. ஆனால், மொத்த விட்டத்தைக் கணக்கிட்டால் முதலாவது சுமார் 620 மி.மீ., இரண்டாவது சுமார் 621 மி.மீ. ரிம்மைப் பெரிதாக்கிய நிறுவனம் பக்கச்சுவரைக் குறைத்து, சக்கரத்தின் மொத்த உயரத்தை அப்படியே வைத்திருக்கிறது. சைஸ் மாற்றுவதற்குச் சரியான வழி இதுதான். கீழ் வேரியன்ட் வைத்திருப்பவர் மேல் வேரியன்ட்டின் ரிம், டயர் இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் பெரிய சிக்கல் இல்லை. கார் கையேட்டிலும், டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலும் அனுமதிக்கப்பட்ட சைஸ்கள் இருக்கும்.

கடைக்காரர் சொல்லும் ‘ஒரு சைஸ்’ பல நேரம் இப்படி இருப்பதில்லை. அதே 15 அங்குல ரிம்மில் 205/65 போட்டால் விட்டம் 647 மி.மீ. தாண்டிவிடும். அதாவது 4 சதவீதத்துக்கும் மேல் அதிகம். ஸ்பீடோமீட்டர் சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் வேகத்தைக் காட்டுகிறது. சக்கரம் பெரிதானது அதற்குத் தெரியாது. பழைய டயரில் 100 காட்டிய அதே வேகத்தை இப்போது 96 என்றுதான் காட்டும். ஓடிய தூரத்தையும் குறைவாகவே கணக்கிடும். ‘டயர் மாத்தினதுல இருந்து மைலேஜ் குறைஞ்சிடுச்சு’ என்று புலம்புபவர்களின் கணக்கில் ஒரு பகுதி இந்த மீட்டர் பிழைதான். மீதி நிஜமான இழப்பு: கனமான டயரைச் சுழற்ற இன்ஜினுக்குக் கூடுதல் உழைப்பு, சின்ன இன்ஜின் என்றால் பிக்கப்பிலும் ஒரு மந்தம்.

இத்தனைக்கும் கிடைப்பது என்ன? ‘கிரவுண்ட் கிளியரன்ஸ் ஏறும்’ என்பார்கள். விட்டம் 26 மி.மீ. கூடினால் கார் உயர்வது அதில் பாதி, 13 மி.மீ. நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கர்களுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது உள்ளே உரசுகிறதா என்று பார்க்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

மொத்த விட்டம் மாறாமல் அகலத்தை மட்டும் கூட்டினால்? 205/60 ஆர்15 அப்படிப்பட்டது; உயரம் கிட்டத்தட்ட அதேதான். முதலில், ஒவ்வொரு டயர் அகலத்துக்கும் இன்னின்ன அகல ரிம்தான் பொருந்தும் என்று வரம்பு உண்டு. அதைக் கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். பொருந்தினால், காய்ந்த சாலையில் வளைவுகளில் பிடிமானம் கூடும். உண்மைதான். தேங்கிய தண்ணீரில் கதை வேறு. அதே எடை அகலமான பரப்பில் பரவுவதால் டயர் தரைமீது தரும் அழுத்தம் குறையும். ஒதுக்க வேண்டிய தண்ணீரோ அதிகம். ஒரு கட்டத்தில் டயர் சாலையைத் தொடாமல் தண்ணீர் மேலேயே மிதக்கும். அந்த நொடியில் பிரேக்கும் வேலை செய்யாது, ஸ்டியரிங்கும் வேலை செய்யாது. ஐப்பசி, கார்த்திகையில் ஓஎம்ஆரிலோ ஜிஎஸ்டி சாலையிலோ ராத்திரி வண்டி ஓட்டுபவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ரிம்மைப் பெரிதாக்கிப் பக்கச்சுவரை ஒல்லியாக்குவது இன்னொரு மோகம். பள்ளத்தில் இறங்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்தச் சுவர்தான். அது மெலிந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும். ரிம் நெளியும், டயரின் பக்கவாட்டு புடைத்துக்கொள்ளும். புடைத்த டயருக்கு பஞ்சர் கடையில் வைத்தியம் கிடையாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

எடைக் குறியீட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குறைக்கக் கூடாது. 88 இருந்த இடத்தில் 82 போட்டால், ஒரு டயர் தாங்கும் எடை 560-லிருந்து 475 கிலோவாக இறங்கிவிடும். குடும்பத்தோடு லக்கேஜ் ஏற்றிக்கொண்டு மே மாத வெயிலில் ஊருக்குக் கிளம்பும்போதுதான் அதன் விளைவு தெரியும். கையேட்டில் இல்லாத சைஸைப் போட்டு விபத்து நடந்தால், காப்பீட்டு சர்வேயர் கேள்வி எழுப்பவும் அது இடம் கொடுக்கும்.

பிராண்டு எவ்வளவு முக்கியம்?

பலரும் நினைக்கும் அளவுக்கு இல்லை. எம்ஆர்எஃப், அப்போலோ, சியட், ஜேகே என்று இந்தப் பெயர்கள் எல்லாமே சென்னையைச் சுற்றி ஆலை வைத்திருப்பவை. இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஈரச்சாலைப் பிடிமானம், உருளும்போது ஏற்படும் எதிர்ப்பு, சத்தம் ஆகியவற்றுக்கும் 2022-ல் மத்திய அரசு வரம்புகளை அறிவித்தது. எனவே, பெயரைவிட எந்த மாடல் என்று கேளுங்கள். ஒரே நிறுவனத்தில் மைலேஜுக்கு ஒன்று, பிடிமானத்துக்கு ஒன்று, சத்தமில்லாமல் ஓட ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். புது காரோடு வந்த டயர், பெரும்பாலும் மைலேஜை மனதில் வைத்து கார் நிறுவனம் கேட்டபடி தயாரானது. அதே பெயரில் கடையில் கிடைப்பது அப்படியே அதுவாக இருக்க வேண்டியதில்லை.

கலந்து போடுவதற்கு ஒரு கறார் விதி உண்டு. ஒரே அச்சில், அதாவது முன் இரண்டுக்கும் அல்லது பின் இரண்டுக்கும், சைஸ், பிராண்டு, பட்டன் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். தேய்மானமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இடது டயர் ஒரு மாதிரி, வலது டயர் ஒரு மாதிரி பிடித்தால், மழையில் பிரேக் அழுத்தும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டு இயங்கும் ஏபிஎஸ்ஸுக்கும் அது குழப்பம். ஆல் வீல் டிரைவ் கார் என்றால் நான்குமே ஒன்றாக இருப்பதுதான் நல்லது.

பட்ஜெட் இரண்டு டயருக்குத்தான் இருக்கிறதா? புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். ‘ஃபிரன்ட் வீல் டிரைவ் வண்டி சார், முன்னாடிதான் போடணும்’ என்பார் கடைக்காரர். அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஓரளவு கட்டுக்குள் வரும். பின் டயர் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுற்றும், சாதாரண ஓட்டுநரால் அதை மீட்பது கஷ்டம். டயர் நிறுவனங்களே தரும் ஆலோசனைதான் இது. முன்னால் போகும் பழைய டயரின் ஆழம் சட்டம் சொல்லும் 1.6 மி.மீ.யை நெருங்கியிருந்தால் மட்டும், எப்படியாவது நான்கையும் மாற்றப் பாருங்கள். 2025 செப்டம்பரில் டயருக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததில் கொஞ்சம் மிச்சமாகும்.

பில் போடும் முன் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 2325 என்றிருந்தால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. ‘ஸ்பெஷல் ஆஃபர்’ டயர்களில் இந்த எண்ணைப் பார்த்தால் ஆஃபரின் காரணம் புரிந்துவிடும். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் இறுகிக்கொண்டேதான் இருக்கும். நான்கு டயரிலும் எண் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று, ரிம்மில் ஏற்றும் முன்பே பார்த்துவிடுங்கள். ஏற்றிய பிறகு மாற்றித் தரச் சொன்னால் கடைக்காரர் முகம் மாறும்.