விற்றது எது?

சர்ச்சைக்கிடமான விஷயம் ஒன்றைத் தொட்டு, எந்தப் பிரசுராலயமும் ஏற்காத நிலையில், கைக்காசைப் போட்டு ஆசிரியரே வெளியிட்ட புத்தகம் சில வாரங்களில் விற்றுத் தீர்ந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே நம் வட்டாரத்தில் இரண்டு குரல்கள் எழும். ‘விற்றுவிட்டது, ஆகவே வென்றுவிட்டது’ என்பது ஒன்று. ‘விற்றுவிட்டது, ஆகவே இலக்கியமாக இருக்க முடியாது’ என்பது மற்றது. முதல் குரல் ஆசிரியரின் நண்பர்களுடையது. இரண்டாவது, முந்நூறு பிரதி அச்சிட்டு அதில் இருநூற்றைம்பதைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் நம்முடையது. இரண்டும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள் என்பது என் கட்சி. புத்தகத்தைத் திறக்காமலேயே இரண்டையும் சொல்லிவிடலாம்.

‘லாரன்ஸையே துரத்தவில்லையா?’ என்று முதல் கட்சியார் கேட்பார்கள். அவர்கள் சாட்சிக்குக் கூப்பிடும் டி. எச். லாரன்ஸையே நானும் கூப்பிடுகிறேன். ஆனால் பாதியில் இறக்கிவிடாமல் முழுக்க விசாரிக்க வேண்டும்.

‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நாவலை லாரன்ஸ் 1926க்கும் 1928க்கும் இடையில் மூன்று முறை எழுதினார். இங்கிலாந்தில் அதை வெட்டாமல் வெளியிட ஆளில்லை. ஃப்ளாரன்ஸ் நகரில் புத்தக வியாபாரியாக இருந்த ஒரியோலி என்ற நண்பரின் துணையோடு தானே அச்சுக்குக் கொடுத்தார். கோத்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. அச்சகத்தில் இருந்த எழுத்து பாதி நாவலுக்குத்தான் போதும். முதல் பாதியை ஓட்டி முடித்து, எழுத்தைப் பிரித்துப் போட்டு, அப்புறம் மறு பாதியைக் கோத்தார்கள். ட்ரெடில் அச்சகத்து வாசலில் புரூஃபுக்காகக் காத்துக் கிடந்த நம் பழைய சிறு பத்திரிகைக்காரர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். ஆயிரம் பிரதிகள், ஒவ்வொன்றிலும் ஆசிரியரின் கையெழுத்து, விலை இரண்டு பவுண்டு. நண்பர்கள் மூலமாக ஆர்டர் படிவங்களை அனுப்பி விற்றார். 1928 ஜூலையில் புத்தகம் வந்தது. லண்டன் கடைக்காரர்கள் சிலர் பயந்துபோய் ஆர்டரை ரத்து செய்தார்கள். அந்தப் பிரதிகளை நண்பர்கள் வாங்கி வைத்து விநியோகித்தார்கள். அமெரிக்கச் சுங்கத்தில் பல பறிமுதலாயின. அப்படியும் அந்த வருஷ முடிவுக்குள் பதிப்பு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. ஆயிரம் பவுண்டுக்கு மேல் லாபம்.

இந்த லாபத்தைக் கண்டு முகம் சுளிப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. காசநோயில் இளைத்துக்கொண்டிருந்த, வாழ்நாளெல்லாம் பணக் கஷ்டம் அறிந்த ஒரு எழுத்தாளன், இடைத்தரகு இல்லாமல் தன் உழைப்பின் கூலியைத் தானே எடுத்துக்கொண்டான். 1930 மார்ச்சில் இறந்தும் போனான். வறுமையை இலக்கியத் தகுதியாக்குவது நம்மிடையே உள்ள கெட்ட வழக்கங்களில் ஒன்று.

ஆனால் அந்த ஆயிரம் பேர் எதை வாங்கினார்கள்? புத்தகம் கைக்கு வருமுன்பே பலர் ஆர்டர் கொடுத்தார்கள். ஆக, லாரன்ஸ் என்ற பெயரை வாங்கினார்கள். ஒரு வதந்தியை வாங்கினார்கள். தடை வருமுன் கைப்பற்றிவிட வேண்டும் என்ற பரபரப்பை வாங்கினார்கள். நான் பாங்க் குமாஸ்தா. லெட்ஜர் பாஷையில் சொல்கிறேன். வாடிக்கையாளர் கட்டும் டெபாசிட் பாங்குக்குச் சொத்தல்ல, கடன். கவுன்ட்டரில் கூட்டம் நிறைந்திருக்கும் தினத்தில் எங்கள் பொறுப்புத்தான் கூடுகிறது. படிப்பதற்கு முன் வாசகன் கொடுக்கிற பணமும் அப்படிப்பட்டதே. முதல் பதிப்பின் விற்பனை, ஆசிரியன் வாசகனுக்குப் பட்டிருக்கும் கடன். அதைத் தீர்த்தானா என்பது பக்கங்களைப் புரட்டினால்தான் தெரியும்.

பரபரப்புக்கு யாரும் உரிமையாளர் இல்லை என்பதையும் லாரன்ஸ் சீக்கிரமே கண்டுகொண்டார். காப்புரிமை பெற முடியாத புத்தகம். திருட்டுப் பதிப்புகள் கிளம்பின, சில அசலைவிடக் கூடுதல் விலைக்கே விற்றன. அவற்றை எதிர்க்க 1929இல் பாரிஸில் மலிவுப் பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்து, முன்னால் திருடர்களைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதிச் சேர்த்தார்.

அடுத்த காட்சி 1960. வெட்டாத பதிப்புக்காக பெங்குவின் நிறுவனத்தின் மேல் லண்டனில் வழக்கு. முப்பத்தைந்து பேர் புத்தகத்துக்காகச் சாட்சி சொன்னார்கள், ஈ. எம். ஃபார்ஸ்டர் அவர்களில் ஒருவர். நவம்பர் 2இல் விடுதலை. விற்பனைக்கு வந்த முதல் நாளிலேயே இரண்டு லட்சம் பிரதிகள் போயின. அந்தச் சாட்சிக் கூண்டில் ஏறாத ஒருவரைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்: எஃப். ஆர். லீவிஸ். 1955இல் லாரன்ஸைப் பற்றி முழுப் புத்தகம் எழுதி, அவரை மகத்தான நாவலாசிரியராக நிறுத்தியவர். இந்த நாவல் லாரன்ஸின் சிறந்த படைப்புகளுள் ஒன்றல்ல என்பது அவர் எண்ணம். ஆகவே சாட்சி சொல்ல மறுத்துவிட்டார். போலீஸ் துரத்துகிறது என்பதற்காகக் கூட்டியோ, ஜனங்கள் வாங்குகிறார்கள் என்பதற்காகக் குறைத்தோ மதிப்பிட மாட்டேன் என்ற பிடிவாதம் அது. லீவிஸின் பல தீர்ப்புகளோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பிடிவாதத்தில் பாதிகூட நம்மிடம் இல்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் இதே நாவலை விற்ற பம்பாய்ப் புத்தகக் கடை பங்குதாரர் ஒருவருக்கு இருபது ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 1964இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1868இல் இங்கிலாந்தில் பிறந்த ஒரு விதிதான் அளவுகோல். அந்த அளவுகோலைக் கீழே வைக்க நம் நீதிமன்றத்துக்கு 2014 ஆயிற்று. புத்தகத்தை வைத்திருந்ததற்கும் விற்றதற்கும் தண்டனை கூடாது என்று கத்த வேண்டிய இடத்தில் கத்துவோம். அது குடிமகனின் வேலை. புத்தகம் எப்படிப்பட்டது என்று சொல்வது விமர்சகனின் வேலை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதற்கும் சேர்த்துக் கூலி கேட்கக் கூடாது.

இந்த நாவலில் எனக்கு நிற்பது, மோட்டார் நாற்காலியில் கிளிஃபோர்டு காட்டுக்குள் போகும் இடம். சக்கரங்கள் பூக்களை நசுக்கிக்கொண்டு ஏறுகின்றன. மேட்டில் எஞ்சின் நின்றுவிடுகிறது. எஜமானன் உதவியை மறுத்துப் பார்த்து, கடைசியில் தன் வேலைக்காரனையே தள்ளச் சொல்கிறான். இயந்திரம், வர்க்கம், ஊனமுற்ற அதிகாரம் எல்லாம் ஒரு நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அதே நாவலில் மெல்லர்ஸ் பிரசங்கம் செய்யும் பக்கங்கள் எனக்குச் சலிப்பூட்டுகின்றன. சர்க்கார் வக்கீலும் முதல் நாள் கூட்டமும் தேடிப் புரட்டியது வேறு பக்கங்களை. தடைக்கும் விற்பனைக்கும் அவையே போதுமானவையாக இருந்தன.

ஆகவே, பதிப்பு தீர்ந்துவிட்டது என்று நண்பர் வந்து சொன்னால் நான் மனமாரச் சந்தோஷப்படுவேன். அச்சகத்துப் பாக்கி தீர்ந்ததே! ஆனால் அதை மதிப்புரையாக என்னிடம் நீட்ட வேண்டாம். ஒரு பிரதி மிச்சமிருந்தால் கொடுக்கட்டும். காசு கொடுத்து வாங்கிப் படித்துவிட்டுப் பேசுகிறேன்.