செத்துப்போன விண்டோஸுக்கு எதுக்குங்க நெட்?

"எக்ஸ்பி விஎம்முக்குள்ள தானே சார் ஓடுது? அது என்ன பண்ணிடும்?"

அகமதாபாத்தில் நாலு தமிழ்க் குடும்பம் கூடுகிற இடத்தில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொல்கிறவர்கள் விவரம் தெரியாதவர்களும் இல்லை. பாதிப்பேர் சாஃப்ட்வேர் கம்பெனியில் குப்பை கொட்டுபவர்கள். (நான் பி.காம். படித்த பேங்க்காரன். என் பேச்சு எங்கே எடுபடும்?)

எக்ஸ்பியை வைத்திருப்பதை நான் குறை சொல்லவில்லை. என்னிடமும் ஒன்று இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் டாம், டாப் எழுத்துருவில் அடித்த அப்பாவின் கடிதங்கள், பழைய ஜாதக சாஃப்ட்வேர், மாமா கடையின் பழைய டாலி கணக்கு எல்லாம் ஊரிலிருந்து அட்டைப்பெட்டியில் வந்தவை. புது விண்டோஸில் சரியாகத் திறக்கவில்லை. விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பி போட்டேன், திறந்தது. இதுவரை சரி.

ஆனால் இதில் எதுக்கு நெட் வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்? அப்பாவின் கடிதம் அமெரிக்க சர்வரிலா இருக்கிறது?

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு கையைக் கழுவிவிட்டது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. ஏடிஎம்களில் இந்தப் பழைய விண்டோஸ் ஓடுகிறதே என்று ரிசர்வ் வங்கியே 2018 ஜூனில் வங்கிகளுக்குக் கெடு வைத்தது. அதற்கு முந்தைய வருடம், 2017 மே மாதம், வான்னாக்ரை வந்தது நினைவிருக்கிறதா? யாரும் எதையும் க்ளிக் செய்யவேண்டியதில்லை. நெட்வொர்க்கில் இருந்தாலே போதும், ஃபைல் பகிரும் எஸ்எம்பி ஓட்டை வழியாகத் தானே உள்ளே வந்தது. அதிகம் மாட்டியது எக்ஸ்பி அல்ல, பேட்ச் போடாத விண்டோஸ் 7 என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவன் மாட்டினான். இனி பேட்சே வராத சிஸ்டத்தை என்ன சொல்ல?

"நேட்லதான் சார் வச்சிருக்கேன், வெளியிலிருந்து யாரும் வரமுடியாது" என்பார்கள் அடுத்து. வாஸ்தவம், வெளியிலிருந்து நேராக வரமுடியாது. ஆனால் உள்ளே இருப்பது வெளியே போகலாமே? நேட்டில் இருக்கிற எக்ஸ்பி உங்கள் லேப்டாப்பைத் தொடலாம், ரவுட்டரைத் தொடலாம், அதே வைஃபையில் இருக்கும் பிள்ளைகளின் கம்ப்யூட்டரையும் தொடலாம். பிரிட்ஜ்டு போட்டால் இன்னும் மோசம். அந்தக் கிழட்டு எக்ஸ்பி உங்கள் ரவுட்டரிடமே தனியாக ஒரு ஐபி வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு இன்னொரு ஆள் வந்தமாதிரி உட்கார்ந்துவிடும். அந்த லேப்டாப்பில்தானே நெட்பேங்கிங்கும் செய்கிறீர்கள்?

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. எக்ஸ்பியோடு ஃபைல் பகிரவேண்டும் என்று விண்டோஸ் 10-ல் எஸ்எம்பி-1 ஐ மறுபடி ஆன் செய்யச் சொல்லிக்கொடுக்கும் மேதாவிகள். வான்னாக்ரை நுழைந்த அதே வாசல்! மைக்ரோசாஃப்ட் 2017 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து அதைப் போடாமலே கொடுக்க ஆரம்பித்தது. நாம் தேடிப்போய்த் திறந்து வைக்கிறோம்.

எங்கள் கிளையில் ரெண்டு வருஷம் வரவுசெலவு இல்லாத கணக்கை இயங்காக் கணக்கு என்று ஒதுக்கிவிடுவோம். திடீரென்று அதில் பணம் எடுக்க ஒருவர் வந்தால், ஆளைச் சரிபார்க்காமல் பைசா நகராது. அந்தச் சந்தேகம்கூட வேண்டாமா?

சரி, நெட் கொடுத்து என்னதான் கிடைக்கிறது? எக்ஸ்பியின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இன்றைக்குப் பெரும்பாலான தளங்கள் திறக்கவே திறக்காது. புதிய டிஎல்எஸ் அதற்குத் தெரியாது. ஆபத்து முழுசாக வருகிறது, பயன் மட்டும் வரவில்லை. வட்டியில்லாக் கடன் கேள்விப்பட்டிருக்கிறேன், இது கடனே வாங்காமல் வட்டி கட்டுவது.

செய்யவேண்டியது இவ்வளவுதான். விஎம்மை அணைத்துவிட்டு, செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், அடாப்டர் ஒன்றில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். எக்ஸ்பிக்கு நெட்வொர்க் கார்டே இல்லை என்றாகிவிடும். அப்போதும் ஷேர்டு ஃபோல்டர் வேலை செய்யும், கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டிருந்தால் போதும். "ஃபைல் மாத்தணுமே, அதுக்குத்தான் நெட்" என்பதெல்லாம் சால்ஜாப்பு.

ஆனால் ஷேர்டு ஃபோல்டர் என்று மொத்த டி டிரைவையும் கொடுத்துவிடாதீர்கள் சாமி! உள்ளே ஏதாவது பூந்தால் அந்த ஃபோல்டரில் இருக்கும் கல்யாண ஃபோட்டோவெல்லாம் அதற்குத் தீனி. பென் டிரைவ் வழியாகக்கூடப் பூரும். உள்ளே அனுப்ப ஒரு ஃபோல்டர், ரீட்-ஒன்லி டிக்கோடு. வெளியே எடுக்க ஒரு காலி ஃபோல்டர். எடுத்ததும் துடைத்துவிடுங்கள். பிரிண்ட் வேண்டுமானால் எக்ஸ்பிக்குள்ளேயே பிடிஎஃப் ஆக்கி, அந்தக் காலி ஃபோல்டர் வழியாக வெளியே கொண்டுவந்து அச்சடித்துக்கொள்ளுங்கள். அப்பாவின் கடிதங்கள் நாற்பதையும் நான் அப்படித்தான் எடுத்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனது.