வின்ட்சரில் ஒரு புலித்தலை

வின்ட்சர் கோட்டையின் அரச சேகரிப்பைக் கண்டு திரும்பும் நம்மவர், திப்பு சுல்தானின் அரியணைப் புலித்தலையைப் பற்றித் தவறாமல் ஒன்று சொல்கின்றனர்: நம்மிடம் இருந்திருந்தால் உருக்கி விற்றிருப்போம், அவர்களோ காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இதனை நாம் மறுக்கிறோம். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், பொன் தகடு வேய்ந்த அவ்வரியணையைப் பங்கிடுவதற்காகத் துண்டாடியவர்கள் கம்பெனிப் படையினரே. அதனை முழுதாகத் தம் மன்னருக்கு அனுப்ப எண்ணியிருந்த கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியே வருந்தினார். உடைத்தவன் கையில் எஞ்சிய துண்டுக்குக் காப்பு என்றா பெயர்?

அன்பளிப்பாகத்தானே அரசரிடம் வந்தது என்பாரும் உளர். ஆம், 1831இல் நான்காம் வில்லியத்துக்குக் கம்பெனி கொடுத்தது. தொல்காப்பியர் பாதீட்டையும் கொடையையும் வெட்சித் துறைகளாகவே வைத்தார். நிரை கவர்ந்து, பங்கிட்டு, அதன் பின்னரே கொடை. (இடையில் உண்டாட்டும் உண்டு, அதற்கும் குறைவிருந்திராது.) கொடுத்த பொருள் கவர்ந்த பொருள் என்பதை அவர் மறைக்கவில்லை. நம் நண்பர்களோ கடைசித் துறையை மட்டும் படித்துவிட்டு வருகின்றனர்.

அந்தப் பாதீட்டில் சென்னைப் படையின் சிப்பாய்களுக்கும் பங்கு கிடைத்தது. அப்படையில் தமிழரும் இருந்தனர். அதைப் பேசாமல் வின்ட்சரை மட்டும் ஏசுவதும் நமக்கு உடன்பாடன்று.