வேன் நிற்காத ஊர்

விடுமுறைக் காலம் வந்தால் வெளியூர் நண்பர்கள் எங்களுக்குப் பயணத்திட்டம் ஒன்றை அனுப்பி, பார்த்துத் திருத்தித் தரச் சொல்வது வழக்கம். திட்டம் அநேகமாக ஒன்றேதான். இரண்டு பகல், ஓர் இரவு, ஒரு வாடகை வேன். முதல் நாள் பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம், குமரிமுனையில் அஸ்தமனம். மறுநாள் உதயம், விவேகானந்தர் பாறை, 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம், வள்ளுவர் சிலை, சுசீந்திரம், ஊர் திரும்பல். ஒவ்வொன்றுக்கும் நேரே நிமிடக் கணக்கு வேறு.

இத்திட்டத்தைத் திருத்த முடியாது, கிழிக்கத்தான் வேண்டும் என்பது எங்கள் கட்சி.

நடைமுறைக் குறைகள் இருக்கட்டும். தமிழ் மண்ணில் நின்றாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சுசீந்திரத்தில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். இதை விசாரிக்காமல் வந்து மூடிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்கள் உண்டு. எங்கள் மனக்குறை அதனினும் பெரிது. ஒரே நீரால் பிணைக்கப்பட்ட ஒரு நிலத்தை இந்தப் பட்டியல் தனித்தனிக் காட்சிகளாக நறுக்கிவிடுகிறது.

மாத்தூரையே எடுத்துக்கொள்வோம். 115 அடி உயரத்தில் நின்று எல்லோரும் படம் பிடித்துக்கொள்கிறார்கள். பக்கத்துத் தொட்டியில் ஓடும் நீர் எங்கே போகிறது என்று கேட்பவர் அரிது. அது வேடிக்கைக்காகக் கட்டிய பாலமன்று. பறளியாற்றுக்கு மேலே, ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குப் பட்டணங்கால் வாய்க்காலைக் கொண்டுசெல்ல 1966இல் கட்டி முடிக்கப்பட்டது. அது கோதையாற்றுப் பாசனத்தின் ஓர் உறுப்பு. அப்பாசனத்தின் தலைமடையான பேச்சிப்பாறை அணை 1906இல், மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் நிறைவுற்றது. அணைக்கு மேலே 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு, சுமார் 402 சதுர கிலோமீட்டர். 'காட்டையும் பார்த்துவிடலாம்' என்று எழுதும் நண்பர்கள் குளிக்கும் அருவியைத்தான் காடு என்கிறார்கள். வயலுக்கும் குளத்துக்கும் நீர் தருவதே அந்தக் காடு என்பது திட்டத்தில் எங்குமில்லை.

சுசீந்திரத்துக்கும் இதே கதிதான். இசைத்தூண், பெரிய அனுமன், பிரசாதம், வேன். 1926இல் அக்கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக மக்கள் சத்தியாக்கிரகம் செய்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. பக்கத்திலேயே தேரூர், கவிமணி பிறந்த ஊர். அதன் குளம் சுசீந்திரம் – தேரூர் ஈரநிலத் தொகுதியின் பகுதியாக 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உலகப் பட்டியலில் ஏறிய குளம் நம் நண்பர்களின் பட்டியலில் ஏறவில்லை.

ஏறாவிட்டால் என்ன நட்டம்? வேன் நிற்கும் இடத்துக்குக் கைப்பிடிச் சுவரும் விளக்கும் நுழைவுச்சீட்டும் வருகின்றன. நிற்காத இடத்தில் வயலில் எல்லைக்கல் நடப்படுகிறது. நாஞ்சில் என்றால் கலப்பை. அந்தக் கலப்பைக்கு வேலையில்லாமல் போவதை, கடலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் அறியப்போவதில்லை. அறியாதவர் வருந்தவும் மாட்டார்.

இரண்டே நாள் விடுப்பில் குடும்பத்தோடு வருபவரிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்பது நியாயமான கேள்வி. நாங்கள் கூடுதல் நாள் கேட்கவில்லை, குறைந்த இடங்களைக் கேட்கிறோம். முதல் நாள் காலை பேச்சிப்பாறை, பிறகு மாத்தூர், இரவு நாகர்கோவில். மறுநாள் விடியலில் சுசீந்திரம், வெயில் ஏறுமுன் தேரூர்க் குளக்கரை, மாலையில் பழையாறு கடலில் கலக்கும் மணக்குடி. மலையிலிருந்து கடல்வரை நீரின் போக்கிலேயே ஒரு பயணம். உதயம் தவறிப்போகும். போகட்டும், அது எல்லா ஊரிலும் நிகழ்வதுதான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பழைய பட்டியலை எழுதிக் கொடுத்துப் பழக்கியவர்கள் உள்ளூர்க்காரர்களாகிய நாங்களேதாம். விருந்தாளிக்குக் குளத்தைக் காட்ட எங்களுக்குக் கூச்சமாயிருந்தது. ஆகவே, இனி எங்களுக்குத் திட்டம் அனுப்பும் நண்பர்கள் ஏமாற வேண்டாம். தேரூர்க் குளக்கரையில் ஒரு மணி நேரம் இல்லாத திட்டம் எதுவும் திருத்தப்படாமலேயே திரும்பி வரும்.