விசுவாசம் குறைந்ததாலா நோய் தீரவில்லை?

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்று கட்டுரைப் போட்டிகளில் எழுதி எழுதிக் கை பழகியவர்கள் நாங்கள். அந்தச் செல்வம் ஒரு வீட்டை விட்டுப் போய்விட்டால், பிறகு அவ்வீட்டில் மிஞ்சுவது என்ன என்று எந்தக் கட்டுரையிலும் நாங்கள் எழுதியதில்லை. சென்ற ஆண்டு தவக்காலத்தில் எங்கள் அப்பா இறைவனடி சேர்ந்தார். மிஞ்சுவது என்ன என்பதை அம்மாவும் நாங்கள் மூன்று பெண்களும் அதன்பிறகே அறிந்துகொண்டோம்.

எங்கள் அப்பா அத்திப்பட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் பிட்டர் வேலை பார்த்தவர். எந்த ஷிப்டாக இருந்தாலும் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லாமல் வாசற்படியைத் தாண்டமாட்டார். வயிற்றில் புற்றுநோய், முற்றிவிட்டது என்று மருத்துவர் சொன்ன நாளில், மீஞ்சூருக்குத் திரும்பி வரும் மின்சார ரயிலில் அம்மா அழுதுகொண்டே வந்தார். அப்பாவோ எண்ணூர் தாண்டியதும், “சமையல் காஸ் புத்தகத்தை உன் பெயருக்கு மாற்ற வேண்டும்” என்றார். அடுத்த பதினொரு மாதங்களில் பெரியவளுக்கு வங்கிப் படிவம் நிரப்பக் கற்றுக் கொடுத்தார். சைக்கிள் பஞ்சர் ஒட்டவும் கற்றுக் கொடுத்தார். விசுவாசம் என்றால் என்ன என்று இப்போது யாராவது கேட்டால், எங்களுக்கு நினைவு வருவது அந்தக் காஸ் புத்தகந்தான்.

நோயாளியைப் பார்க்கப் பலரும் வந்தார்கள். கஞ்சி கொண்டுவந்தவர்களையும், எங்களைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றவர்களையும் நாங்கள் மறக்கமாட்டோம். ஆனால் வந்தவர்களில் சிலர், “முழு விசுவாசத்தோடு ஜெபித்தால் மலையே பெயருமே! உங்கள் வீட்டில் எங்கேயோ குறை இருக்கிறது” என்றார்கள். ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய், மாத்திரைகளை நிறுத்தினால்தான் விசுவாசம் உண்மையாகும் என்றார். அன்றிரவு எங்களில் சின்னவள் அப்பாவிடம் போய், “ஜெபமாலை சொல்லும்போது நான் தூங்கிப்போய்விடுகிறேனே, அதனாலா அப்பா?” என்று கேட்டாள். அவளுக்கு அப்போது வயது எட்டு.

நல்ல எண்ணத்தோடு சொல்லப்பட்ட ஒரு சொல் எட்டு வயதுக் குழந்தையின் தலையில் எவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றிவிட்டது! தந்தையின் நோய்க்குத் தானே காரணம் என்று ஒரு குழந்தை நினைப்பதைவிடக் கொடுமை உண்டோ? ஆகவேதான் இதைப் பற்றி எங்கள் கருத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

சிறுமலர் என்று நாம் அன்போடு அழைக்கும் புனித குழந்தை தெரேசம்மாளின் வீட்டுக் கதையை எடுத்துக்கொள்வோம். அவருடைய தந்தை லூயி மார்ட்டின் 1823இல் பிரான்சு நாட்டில் பிறந்தவர். துறவியாக விரும்பிப் போய், இலத்தீன் மொழி தெரியாததால் திரும்பியவர். பின்பு அலன்சோன் நகரில் கடிகாரக் கடை வைத்தார். வியாபாரம் கெடும் என்று நண்பர்கள் சொல்லியும் ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்கமாட்டார். 1858இல் செலி என்ற அம்மையாரை மணந்தார். ஒன்பது குழந்தைகள் பிறந்து நால்வர் இறந்தனர். எஞ்சியவர்கள் ஐந்து பெண்கள். தெரேசம்மாள் கடைக்குட்டி.

செலி அம்மையாருக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. 1877 ஜூன் மாதம் மூத்த பெண்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு லூர்து மாதா திருத்தலத்திற்குப் போய் மன்றாடினார். குணமாகவில்லை. ஆகஸ்டு 28ஆம் நாள் இறந்தார். தெரேசம்மாளுக்கு அப்போது நான்கு வயது. லூயி மார்ட்டின் பெண்களோடு லிசியே நகரில் குடியேறி, தாயும் தந்தையுமாக நின்று அவர்களை வளர்த்தார். பெண்கள் ஒவ்வொருவராகக் கன்னியர் மடத்தில் சேர விரும்பியபோது தடுக்கவில்லை. பதினைந்து வயதில் கார்மேல் மடத்தில் சேர அனுமதி கேட்ட தெரேசம்மாளுக்காக, அவரை உரோமைக்கே அழைத்துச் சென்றார்.

இதற்கிடையே சோதனையும் வந்தது. 1887இல் பக்கவாதம் தாக்கியது. மூளையின் இரத்தக்குழாய்கள் கெட்டு, நினைவு தடுமாறத் தொடங்கியது. 1888இல் ஒருநாள் வீட்டை விட்டுப் போய்விட்டார். சில நாட்கள் தேடி வேறோர் ஊரில் கண்டுபிடித்தார்கள். 1889 பிப்ரவரியில் கான் நகரிலிருந்த மனநோய் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அங்கே மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். பெண்கள் மடத்திற்குப் போனதால்தான் தகப்பனுக்குப் புத்தி பேதலித்தது என்று ஊரார் பேசினார்கள். ஆம், லிசியே நகரிலும் நாக்குகள் சும்மா இருக்கவில்லை! மனம் தெளிந்திருந்த நேரங்களில் லூயி மார்ட்டின், இதுவரை கட்டளையிட்டே பழகிய தனக்கு இப்போது கீழ்ப்படியக் கற்றுத்தரப்படுகிறது என்று சொல்வாராம். நடக்கமுடியாத நிலையில் 1892இல் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, 1894 ஜூலை 29இல் இறந்தார்.

இப்போது எண்ணிப் பாருங்கள். அந்தத் தந்தைக்காக ஜெபித்தவர்கள் யார்? ஐந்து மகள்கள், ஐவரும் துறவு வாழ்வு வாழ்ந்தவர்கள். அவர்களில் ஒருவரைத் திருச்சபை 1925இல் புனிதை என்றே அறிவித்தது. ஒரு புனிதையே ஜெபித்தும் தந்தையின் நோய் தீரவில்லை. அந்த வீட்டிலா விசுவாசம் குறைந்திருந்தது? அதே லூயி மார்ட்டினையும் செலி அம்மையாரையும் 2015 அக்டோபர் 18ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர்களாக உயர்த்தினார். கணவன் மனைவி இருவரும் ஒன்றாகப் புனிதர் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை.

பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருமில்லை என்று இயேசு சொன்னதை நற்செய்தியில் வாசிக்கிறோம். வாசித்துவிட்டு, நோயாளியின் வீட்டுக்குப் போய் அதே கேள்வியை வேறு சொற்களில் நாமே கேட்கலாமா?

மருந்து விசுவாசத்திற்கு எதிரி என்பதும் தவறு என்பது எங்கள் கருத்து. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துக்கத்தை மறக்காமல் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். எத்தனை குடும்பங்களின் ஜெபத்திற்கு அது பதிலாக அமைந்தது! குணமாக்க முடியாத நோயிலும் வலியைக் குறைக்க முடியும். புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்து தரும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்டது. நமது மாநிலத்தில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இத்தகைய நோயாளிகளை வீட்டிலேயே வந்து கவனிப்பதும் சேர்க்கப்பட்டது. மாத்திரையை நிறுத்தச் சொன்னவருக்கு எங்கள் அப்பா சொன்ன பதில் இதுதான்: “மாத்திரை போட்டால்தான் ஐயா எனக்கு ஜெபிக்க முடிகிறது. வலியில் கடவுள் பெயர்கூட மறந்துபோகிறது.”

இன்னொரு பயமும் நம் வீடுகளில் உண்டு. குருவானவர் எண்ணெய்ச் சிமிழோடு வந்தால் எல்லாம் முடிந்தது என்று ஒப்பாரி வைக்கிறோம். ‘அவஸ்தைப் பூசுதல்’ என்ற பழைய பெயரே அந்தப் பயத்தை வளர்த்தது. ஆனால் அது சாகும் நேரத்திற்கு மட்டும் உரியதன்று, நோயுற்றோருக்குப் பலம் தரும் திருவருட்சாதனம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவுபடுத்தியது. 1972இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அதன் சடங்கு முறையையும் புதுப்பித்தார். எங்கள் அப்பா அன்று சலவைச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து அதைப் பெற்றுக்கொண்டார். அழ வந்தவர்கள் அழாமல் திரும்பினார்கள்.

1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், நோயுற்றோர் தினத்தை 1992இல் ஏற்படுத்தினார். ஆண்டுதோறும் பிப்ரவரி 11ஆம் நாளை அதற்கென ஒதுக்கினார். பிற்காலத்தில் அவருக்கே கை நடுங்கி, பேச்சும் குழறியது. அந்த நிலையிலும் மக்கள் முன் வர அவர் வெட்கப்படவில்லை. 2005 ஏப்ரல் 2இல் அவர் இறந்தார். நோயைக் குறையாக எண்ணி மறைக்க வேண்டியதில்லை என்பதை அவரிடம் உலகமே கற்றுக்கொண்டது.

எனவே அன்புத் தோழியரே, உங்கள் தெருவில் ஒருவர் நோயில் கிடந்தால் காரணம் தேடாதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுங்கள். ஒரு குடம் தண்ணீர் பிடித்துக் கொடுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகளிடம் உண்மையை மறைக்காதீர்கள். எங்கள் அப்பா மறைக்கவில்லை. அதனால்தான் அந்தப் பதினொரு மாதங்களும் எங்களுக்கு முழுமையாகக் கிடைத்தன.

சின்னவள் கேட்ட கேள்விக்கு அப்பா என்ன சொன்னார் என்று சொல்லவில்லையே! அவளைக் கட்டிலில் பக்கத்தில் உட்காரவைத்து, “நீ தூங்கினால் தூங்கு கண்ணு. சாமி கோபித்துக்கொள்ளமாட்டார். மீதியை அப்பா சொல்லி முடித்துவிடுவேன்” என்றார். இன்றும் எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்கு ஜெபமாலை நடக்கிறது. நான்காம் காரணிக்கத்திற்குள் சின்னவள் தூங்கிவிடுகிறாள். மீதியை நாங்கள் சொல்லி முடிக்கிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, மீஞ்சூர்