மூலபாடமும் ஸ்டேஷன் வேகனும்

பள்ளிக்கரணைப் பட்டறையொன்றில் 'ஸ்டாண்டர்டு கம்பானியன்' ஒன்றை அண்மையில் கண்டேன். வண்டலூர், பெருங்களத்தூர் வட்டாரத்தில் இயங்கிய ஸ்டாண்டர்டு ஆலையார், ஹெரால்டு காரை அடியொற்றி உருவாக்கிய ஐந்து கதவு ஸ்டேஷன் வேகன் அது. அதன் 948 சி.சி. எஞ்சினை அகற்றி, டீசல் எஞ்சின் பொருத்தி, பின்பகுதியையும் வெட்டிக் கொண்டிருந்தனர். உரிமையாளரோ இளமைமுதல் பழைய கார்களில் பெரும்பற்றுடையவராம்!

பற்று இருக்கட்டும். தேய்ந்த பிரேக்கை மாற்றுவதைக் குறைகூற மாட்டேன். உயிர்காக்கும் பணி அது. ஆயினும் கிடைத்த பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டிய உ.வே.சாமிநாதையரைப் பயிற்றுவிக்கும் எனக்கு, பின்பகுதியை வெட்டுவது மூலபாடத்தையே அழிப்பதாகத் தோன்றுகிறது. ஐம்பதாண்டு கடந்த வண்டியையும் மூலவடிவில் இருந்தாலன்றி 'விண்டேஜ்' எனப் பதிய 2021ஆம் ஆண்டு விதி இடந்தருவதில்லை.

ஆலை மூடப்பட்டு மூன்று பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. வெட்டியெறிந்த பின்கதவுக்கு ஈடாக இன்னொன்றை எங்கே தேடுவார்?